நிலைக்கு வந்த பள்ளிக்கூடம்

மேலக்கரிசலில் பள்ளிக்கூடம் நகர ஆரம்பித்தது ஒரு தை மாதத்தில். முதலில் கண்டது சத்துணவு சமைக்கும் பூவாத்தாள். காலையில் அடுப்புப் பற்றவைக்க வந்தவள், தான் எப்போதும் செருப்பைக் கழற்றிப் போடும் கல் வாசலை விட்டு வெகுவாகத் தள்ளிக் கிடப்பதைப் பார்த்து, எந்த எடுபட்ட பயல் கல்லைத் தூக்கிப் போட்டானோ என்று அவன் பரம்பரையையே இழுத்து வைதாள். வைது முடித்து மூச்சு வாங்கும்போதுதான், கல் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, பள்ளிக்கூடம்தான் மேற்கே தள்ளி நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும், சரி, கட்டடத்துக்கும் ஒரே இடத்தில் நின்றால் கால் கடுக்கத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டு பருப்பைக் களைந்து உலையில் போட்டாள்.

பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுமில்லை. மஞ்சள் வெள்ளை அடித்த ரெண்டு வகுப்பறை, ஓட்டுக்கூரை, முன்னால் ஒரு தாழ்வாரம், தாழ்வாரத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு, அவ்வளவுதான். கண்மாய்க்கரை ஓரம் காலங்காலமாக நின்ற அது, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஒரு நாள் பத்து முழம், மனசு வந்தால் ஒரு வீட்டுத் தூரம் என்று, ஊரின் கீழ்க்கோடியிலிருந்து மேற்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது நகர்ந்தாலும் குடத்துத் தண்ணீர் தளும்பவில்லை, எழுதுகிற எழுத்து கோணவில்லை. வாசலில் நின்ற வேப்பமரம் மட்டும் ரெண்டு நாள் முறுக்கிக்கொண்டு பழைய இடத்திலேயே நின்றுவிட்டு, மூன்றாம் நாள் தனியாக நிற்கப் பிடிக்காமல் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள், பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள். மேலக்கரிசல் தேர் இழுக்கிற ஊர். வருசா வருசம் பங்குனியில் ஆளுயரச் சக்கரம் வைத்த தேரை வடம் பிடித்து நாலு வீதியும் சுற்றி நிலைக்குக் கொண்டுவருகிற ஜனத்துக்கு, ஓட்டுக்கூரைப் பள்ளிக்கூடம் ஒன்று நடப்பது பெரிய விசயமா? தேர் வரும் வழியில் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள். கடைக்காரர்கள் முன்பந்தலைப் பிரித்து வைத்தார்கள், மின்சார வாரியத்து ஆள் வந்து கம்பியைக் கழற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் கடந்ததும் திரும்ப மாட்டினார், பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள், சிலர் தேங்காய்கூட உடைத்தார்கள். ஒன்றாம் வகுப்பு ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் கையை நீட்டி அந்தத் தேங்காய்ச் சில்லை எடுத்துத் தின்றார்கள். கல்வி அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, பார்த்து, கட்டடம் பழுது என்றால் எழுத வழி இருக்கிறது, கட்டடம் நடக்கிறது என்றால் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்து, மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கே போகிறது என்பதில்தான் ஊர் ரெண்டுபட்டது. நாற்கர ரோட்டுக்குப் போகிறது என்றார்கள் பஸ் ஸ்டாண்டுக்காரர்கள். சாமி கும்பிடப் போகிறது என்றார்கள் சன்னதித் தெருக்காரர்கள். மேலத்தெருக் கடைசி வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து தினமும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எடுக்காததில் முதல் ஆள் அவளைப் பெற்ற அப்பன் வெயிலுமுத்து.

வெயிலுமுத்து மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்க்கிறவன். ஆனால் ஊரில் அவனுக்கு மரியாதை வேறு காரியத்துக்கு. தேருக்குக் கட்டை போடுகிறவன் அவன். ஆயிரம் பேர் இழுக்கிற தேரை நிறுத்துவதும் மூலை திருப்புவதும் சக்கரத்தடியில் கட்டையைக் கொடுக்கிற அந்த ஒரு ஆள் கையில்தான் இருக்கிறது. கொஞ்சம் தப்பினால் தேர் வீட்டுக்குள் புகுந்துவிடும், இல்லையென்றால் கட்டை போடுகிறவன் மேல் ஏறிவிடும். வைரம் பாய்ந்த புளிய மரத்தில் அவனே செதுக்கிய கட்டை, எண்ணெய் குடித்துக் கறுத்து, வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். தேரையே நிறுத்துகிறவனுக்கு ஏழு வயசு மகளின் அழுகையை நிறுத்தத் தெரியவில்லை என்பதுதான் அவன் யாரிடமும் சொல்லாத விசனம்.

மகள் பேர் அமுதினி. ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் சொன்னார். அமுதினி பேசமாட்டாள், வெள்ளையாக இருந்தால்தான் சாப்பிடுவாள், இட்லியில் ஒரு கடுகு ஒட்டியிருந்தாலும் தட்டு பறக்கும். ஆனால் காற்று கிழக்கே இருந்து வீசும் மத்தியான வேளைகளில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் ராகம் ஊரைத் தாண்டி மெலிசாக வரும்போது, வாசற்படியில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே பார்க்க வரிசை வைத்துக்கொண்டு, அந்த ராகத்தை அப்படியே மூக்கால் முனகுவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வாரத்துக்குச் சோறு வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்க்காமல் இல்லை. சேர்த்தார்கள். கடைவீதி வழியாக, பஸ் ஹாரன், மாவு மில், கோழிக்கடை எல்லாம் தாண்டி அப்பன் தோளில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு போனவள், உள்ளே நுழைந்ததும் தண்டவாளத் துண்டில் 'டங்'கென்று ஒரு அடி விழுந்ததில் போட்ட அலறல் கண்மாய்க் கொக்கையெல்லாம் கிளப்பிவிட்டது. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியை எஸ்தர் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கற்பகம், பேரு பதிவுல இருக்கட்டும்மா. பிள்ளை வீட்ல இருக்கட்டும். ஒத்தை ஆளா அம்புட்டுப் பிள்ளைகளையும் நான் பாக்கணும்ல? நான் என்ன செய்யட்டும் சொல்லு."

கற்பகம் என்பவள் அமுதினியின் அம்மா. சும்மா அம்மா இல்லை. மாதாந்திர உதவித்தொகைக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தபோது, அங்கிருந்த ஒருவர் பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, "பாக்க லட்சணமாத்தான இருக்கு, நடக்குது, ஓடுது, இதுக்கு எதுக்கும்மா உதவி?" என்று கேட்க, "அப்படியா சார்? அப்ப அரை மணி நேரம் நீங்க பாத்துக்கிடுங்க, நான் ஒரு டீ குடிச்சிட்டு வாறேன்" என்று பிள்ளையை மேசைமேல் உட்கார வைத்துவிட்டுப் போனவள் அவள். திரும்பி வந்தபோது மின்விசிறி நிறுத்தப்பட்டிருந்தது, ரப்பர் ஸ்டாம்புகள் எல்லாம் உயர வாரியாக வரிசையில் நின்றன, அந்த மனுசர் வேர்த்து ஒழுகியபடி கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.

ஆனாலும் கற்பகத்தால் பள்ளிக்கூடத்தை ஜெயிக்க முடியவில்லை. வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வரும் சிறப்பாசிரியை போனதும் மீதி நாளெல்லாம் பிள்ளையும் புளியங்கொட்டையும்தான். மதுரைக்கு அந்தப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்க்கிற இல்லம் ஒன்று இருக்கிறது, சித்திரையில் கொண்டுபோய் விடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். வெயிலுமுத்து பாதி மனசாகத் தலையாட்டியிருந்தான். அன்றிலிருந்து கற்பகம் அவனுக்குச் சோறு வைப்பாள், குழம்பு ஊற்றுவாள், முகம் பார்த்துப் பேசமாட்டாள்.

இப்படி இருக்கையில் பள்ளிக்கூடம் பஸ் ஸ்டாண்டு தாண்டிக் கடைவீதிக்குள் நுழைந்தது. பேரூராட்சித் தலைவர் சங்கரபாண்டியனுடைய புது அரிசிக்கடையின் வாசலை நெருங்கியதும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம் நடப்பது முறையில்லை என்று பட்டது. தேர்க் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வடத்தை எடுத்து வந்து பள்ளிக்கூடத்தின் இடுப்பில் சுற்றி, தவிலும் நாதஸ்வரமுமாக ஊரே கூடி, பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். அது திரும்பி வந்தது. திரும்ப இழுத்தார்கள். இந்த முறை முன்னைவிட வேகமாக வந்தது. அதன் பிறகுதான் தலைவர் வெயிலுமுத்துவை அழைத்து, தோளில் கை போட்டு, "ஏலே, தேரையே நிறுத்துறவன் நீ. இது என்ன சுண்டைக்காய். நீ ஒரு கட்டை கொடு, அது எப்படி நகருதுன்னு பாத்துருவோம்" என்றார்.

யார் தோளில் கை போட்டால் மனுசனுக்குக் கிறுகிறுப்பு வராது? வெயிலுமுத்து கட்டிலுக்கு அடியிலிருந்து புளியங்கட்டையை இழுத்தான். அமுதினி வாசற்படியிலிருந்து அவன் கையையே பார்த்தாள். அவன் பாட்டுக்குப் போய், கடைவீதி நடுவில், தாழ்வாரத்துப் படிக்கு முன்னால் கட்டையைக் குறுக்கே கொடுத்து ஒரே மிதியில் இறுக்கினான். பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அடுத்த நாளும் நின்றது, அதற்கடுத்த நாளும் நின்றது. ஊரே கைதட்டியது, தலைவர் துண்டு போர்த்தினார்.

கட்டை கொடுத்த அன்று மத்தியானத்திலிருந்தே அமுதினி சாப்பிடவில்லை. இட்லி வைத்தால் தள்ளினாள், தயிர்ச்சோறு வைத்தால் தள்ளினாள். புளியங்கொட்டைகளை வாரி இறைத்துவிட்டு, நெற்றியை நிலைப்படியில் முட்டினாள், முட்டினாள், கற்பகம் தன் உள்ளங்கையை நடுவில் கொடுத்துத் தாங்கிக்கொண்டே இருந்தாள். வெந்நீர் ஒத்தடமும் திருநீறும் டாக்டர் கொடுத்த மருந்தும் ஒன்றும் கேட்கவில்லை. கை வீங்கிப்போன கற்பகம், பல நாளைக்குப் பிறகு புருசன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எப்பலேர்ந்து இவ இப்படி இருக்கான்னு யோசிச்சீங்களா?"

"மூணு நாளா."

"மூணு நாளைக்கு முன்னாடி நீங்க என்ன செஞ்சீங்க?"

வெயிலுமுத்து கட்டிலுக்கு அடியில் கட்டை கிடந்த வெறும் இடத்தைப் பார்த்தான்.

"பிள்ளைதான் பள்ளிக்கூடத்துக்குப் போகணும், அவளுக்கு ஏத்த மாதிரி அது வரவா போகுதுன்னு எத்தனை பேரு என்கிட்ட கேட்டாங்க. அது வருதுங்க. ஊரு பூராவும் தாண்டி, என் பிள்ளையைத் தேடி அது வருது. நீங்க போயி கட்டையைக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க." சொல்லிவிட்டு அழுதாள். கலெக்டர் ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் அழாதவள், தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

அவன் எழுந்து கடைவீதிக்கு நடந்தான். சந்தை நாள், ஜனம் நெரிந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சுவர் நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டிப்போட்ட இடத்தில் கன்றின் குரல் கேட்ட பசுவுக்கு விலா நடுங்குமே, அந்த நடுக்கம். கட்டை அழுந்தி அழுந்தித் தார்ரோட்டில் பள்ளமே விழுந்திருந்தது. வைரம் பாய்ந்த புளியமரத்தில், எந்தத் தேரும் போடாத கீறலை இந்த ஓட்டுக்கூரை போட்டிருந்தது. தேர் ஓடுகிறது என்றால் ஆயிரம் பேர் இழுக்கிறார்கள், இதை இழுத்துக்கொண்டு வருவது ஒற்றைப் பிள்ளை, அதுவும் வாசற்படியை விட்டு இறங்காமல், என்று நினைத்துக்கொண்டான். குனிந்து, எல்லாரும் பார்க்க, கட்டையை உருவினான்.

"ஏலே வெயிலு! என்ன செய்யிற?" என்று அரிசிக்கடைக்குள்ளிருந்து கத்தினார் தலைவர்.

"விடுங்க தலைவரே. அது எங்க வீட்டுக்கு வருது."

"உன் வீட்டுக்கா? எதுக்கு?"

"எம்புள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க" என்றான் வெயிலுமுத்து.

பள்ளிக்கூடம் அதுவரை யாரும் பார்க்க நகர்ந்ததில்லை. அன்று பட்டப்பகலில், சந்தை ஜனம் அத்தனையும் பார்க்க, வெட்கத்தை விட்டு நகர்ந்தது. அரிசிக்கடை வாசலை உரசாமல், மாவு மில்லைத் தாண்டி, கோழிக்கடையைத் தாண்டி, மேலத்தெரு மூலைக்கு வந்து, அங்கே திகைத்து நின்றது. மேலத்தெரு குறுகல், மூலை இடுக்கு. பள்ளிக்கூடம் முன்னே பார்த்தது, பின்னே பார்த்தது, திரும்பத் தெரியாமல் ஓடுகளைச் சலசலக்கவிட்டது. வெயிலுமுத்து கட்டையோடு முன்னால் பாய்ந்து, தேரைத் திருப்புகிற மாதிரியே ஒரு முனையில் கட்டையைக் கொடுத்து, "வடம்!" என்று குரல் கொடுத்தான்.

அங்கேதான் மேலக்கரிசல்காரர்கள் மேலக்கரிசல்காரர்களாகவே நடந்துகொண்டார்கள். எந்த ஊரில் பிறந்தவனும் எதையும் மறப்பான், மேலக்கரிசலில் பிறந்தவன் மூலையில் தேர் நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டான். அவன் கை அவனைக் கேட்காது. கோழிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார், பஸ் டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார், பூவாத்தாள் கரண்டியோடு ஓடி வந்தாள், யாரோ கோயிலிலிருந்து வடத்தைக் கொண்டுவந்தார்கள். எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்று யோசிக்கிற நேரமா அது? எல்லாருக்கும் முன்னால் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இழுங்கலே!" என்று கத்தியவர் சங்கரபாண்டியன்தான். கட்டை போடப் போட, வடம் இழுக்க இழுக்க, பள்ளிக்கூடம் இம்மி இம்மியாக மூலை திரும்பி, மேலத்தெருவுக்குள் வந்து, கடைசி வீட்டு வாசலுக்கு நேரே வாறுகால் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றது. ஊர் குலவை போட்டது, தவில் முழங்கியது, யாரோ வேட்டுக்கூட வைத்தார்கள்.

அமுதினி ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

இவ்வளவு தூரம் கொண்டுவந்த ஜனத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தேர் நிலைக்கு வந்தால் சத்தம் போடத்தானே வேண்டும்? சத்தம் போட்டால்தானே சந்தோசம்? கற்பகம் வாசலில் நின்று, ரெண்டு கையையும் கூப்பி, "எல்லாரும் நல்லா இருப்பீங்க. கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள். அந்த ஊர் சும்மா இருந்து பழகியதே இல்லை. ஆனாலும் இருந்து பார்த்தது. தவில்காரர் தோலின்மேல் துண்டைப் போட்டார். இருமல் வந்தவர்கள் அடுத்த தெருவுக்குப் போய் இருமிவிட்டு வந்தார்கள். எஸ்தர் டீச்சர் தாழ்வாரத்தில் ஏறி, தண்டவாளத் துண்டைக் கயிற்றோடு அவிழ்த்து, சேலைத் தலைப்பில் சுற்றி, அது மூச்சுவிடாதபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், இனி சாப்பாட்டு நேரம் எப்படித் தெரியும்?" என்று ஒரு பிள்ளை ரகசியமாகக் கேட்டது.

"நான் வந்து கைத்துண்டை ஆட்டுறேன்" என்று பூவாத்தாள் கிசுகிசுத்தாள்.

டீச்சர் சின்னக் குரலில் ரெண்டாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினார். பிள்ளைகள் பின்னால் சொன்னார்கள், தூரத்திலிருந்து காற்றில் வருமே, அந்த அளவுச் சத்தத்தில். வெகுநேரம் சொன்னார்கள். வெயில் தாழ்ந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கால் ஒரு முனகல் கிளம்பியது. பிறகு ஒரு கால் வந்தது, பிறகு பிள்ளை வந்தாள். யாரையும் பார்க்காமல் வாசற்படி வரைக்கும் வந்து, வாறுகாலைப் பார்த்துவிட்டு நின்றாள். அவளுக்குப் பள்ளங்கள் ஆகாது.

ஊரெல்லாம் தாண்டி வந்த பள்ளிக்கூடம் அந்த ஒரு எட்டை மட்டும் தாண்டாமல் நின்றது. தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டுவிடலாமா என்று வெயிலுமுத்து கையை நீட்டினான். கற்பகம் அந்தக் கையைப் பிடித்தாள். "இருங்க. தூக்கிட்டுப் போனதெல்லாம் போதும்."

அவன் யோசித்தான். பிறகு, ஆயிரம் பேர் இழுத்த தேர்களை நிறுத்திய தன் புளியங்கட்டையை, வாறுகாலின் குறுக்கே, ஆடாமல் அசையாமல், ஒரு படி மாதிரி பதித்துவிட்டு விலகி நின்றான். அமுதினி கட்டையை மோந்து பார்த்தாள். வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நாளெல்லாம் மோந்த வாசனை. பாவாடையில் முடிந்திருந்த புளியங்கொட்டைகளை எடுத்து அதன்மேல் ஒவ்வொன்றாக வரிசை வைத்து, வரிசை முடிந்ததும் அதன் ஓரமாகவே காலெடுத்து வைத்து, பள்ளிக்கூடத்துக்குள் போய், கதவு ஓரத்தில், எல்லாருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

எஸ்தர் டீச்சர் வருகைப் பேர் கூப்பிட ஆரம்பித்தார். காலையில் ஒரு தரம் கூப்பிட்டாயிற்று, இருந்தாலும் கூப்பிட்டார். பிள்ளைகள் 'உள்ளேன் டீச்சர்' என்று மெல்லச் சொன்னார்கள். அமுதினி என்ற பேர் வந்தது. போன ஆனியிலிருந்து அந்தப் பேருக்குப் பதில் வராது. டீச்சர் அடுத்த பேருக்குப் போய்விடுவார். இன்றைக்கும் பதில் வரவில்லை. இன்றைக்கு டீச்சர் அடுத்த பேருக்குப் போகாமல் காத்திருந்தார். வாசலில் அப்பனும் ஆத்தாளும் காத்திருந்தார்கள், தெருவே காத்திருந்தது. கொஞ்சம் பொறுத்து, கதவு ஓரத்திலிருந்து ஒரு புளியங்கொட்டை உருண்டு வந்து டீச்சர் காலடியில் நின்றது.

"சரிம்மா" என்றார் எஸ்தர் டீச்சர். குனிந்து அந்தக் கொட்டையை எடுத்து வருகைப் பதிவேட்டின்மேல் வைத்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

சித்திரை வந்தது, போனது. மதுரைக்கு யாரும் போகவில்லை. அதற்கு முன்னால் பங்குனித் தேருக்கு நாள் குறித்ததும், சங்கரபாண்டியன் கமிட்டி ஆட்களோடு மேலத்தெருவுக்கு வந்து, வாறுகாலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஏலே வெயிலு, கட்டையை எடுத்துக்கிட்டு வா. தேருக்கு நாளாச்சு" என்றார். உள்ளே வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. கட்டையின்மேல் அன்றைய புளியங்கொட்டை வரிசை அப்படியே இருந்தது.

"தேருக்கு வேற செதுக்கிக்கிடலாம் தலைவரே" என்றான் வெயிலுமுத்து. "இது எம்புள்ள நடக்கிற கட்டை."